எத்தனை பேர்

படிவத்தில் நான்காவது கேள்வி அது.
வீட்டில் வசிப்போர் எத்தனை பேர்?
"இரண்டு" என்றார் யூவன் மக்குவாரி,
கதவைப் பிடித்தபடி, உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல்.
எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பது வருடமாக
பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கொல்லைகளில்
கம்பி குத்தி நடப்பவள் நான்.
செம்மண் என் பூட்ஸை விட்டுப் போனதே இல்லை.
வீட்டை விற்கிறவர்கள் அடுப்பைத் தேய்த்து வைப்பார்கள்,
சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள்,
இது அக்டோபர் என்பதால் படியில் ஒரு பூசணியும் இருக்கும்.
செப்டிக் டேங்கை மட்டும்
எனக்கென்று விட்டுவைப்பார்கள்.

வரைபடம் சொன்ன இடத்தில் மூடி இல்லை.
யாரோ பென்சிலில், ஞாபகத்தை நம்பிப் போட்ட படம்.
ஐந்தடி தள்ளி, துணிக்கொடிக்குக் கீழே
கம்பி டொக் என்றது.
ஒரு முழம் தோண்டினேன். கான்கிரீட்.
கடப்பாரையால் நெம்பியதும் வந்தது வாடை.
முகம் சுளிப்பதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.
அவர் இரண்டடி பின்னால் போனார்,
தன்னுடையதுதான் என்றாலும்.

கண்ணாடிபோல் தெளிந்த குழாயை அடிவரை இறக்கி
வாயடைத்து மேலே தூக்கினால்
ஒரு குடும்பம் அடுக்கடுக்காய் நிற்கும்:
அடியில் கசடு, நடுவில் கலங்கல், மேலே கொழுப்பு ஆடை.
கடைசியாக இறைத்து இரண்டு வருடம், ரசீது இருக்கிறது.
கசடு நான்கு விரற்கடைகூட இல்லை.
ஆடையோ ஆறிய பால்மேல் படிந்ததுபோல,
ஊதினால் விலகும்.
இந்த வீட்டில் வெகுநாளாய் யாரும்
வெங்காயம் வதக்கவில்லை, பன்றிக்கறி பொரிக்கவில்லை.

கசடு பிசகாத சாட்சி அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.
சிலர் கொஞ்சமாய்ச் சாப்பிடுவார்கள்.
சிலர் ஆபீஸிலேயே எல்லாவற்றையும் முடித்து வருவார்கள்.
ஆனால் குழாய் திறக்கக் குளியலறைக்குள் போனபோது பார்த்தேன்:
ஒற்றை டூத்பிரஷ்.
குவளைகள் இரண்டு.

"உங்கள் மனைவி..."
"சார்லட்டவுனில் வேலை. சனி ஞாயிறு வருவாள்."
சரி என்றேன்.

வாங்குகிறவர்களுக்கு மூன்று பிள்ளைகள்,
நான்காவது வயிற்றில்.
இரண்டு பேர் தண்ணீரைக் குடித்துப் பழகிய நிலம் என்றால்
அதற்கு ஒரு கணக்கு.
ஒருவர் கைகழுவியதை மட்டும் குடித்த நிலம் என்றால்
வேறு கணக்கு, வேறு விலை.

ஆகவே ஆயிரம் லிட்டர், பச்சைச் சாயம் கலந்து,
விட்டேன்.
காத்திருந்தோம், நான் கவிழ்த்த வாளிமேல், அவர் நின்றபடி.
பக்கத்து வயலில் உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரம்
போவதும் வருவதுமாய் இருந்தது,
பின்னாலேயே கடற்காகங்கள்.
பனிக்கு முன் முடித்துவிடுவார்கள் என்றார்.
ஆமாம் என்றேன்.

முக்கால் மணி நேரம்.
தாழ்ந்த மூலையில், புல் கொஞ்சம் அதிகமாகவே
செழித்திருந்த இடத்தில் கசிந்தது
புல்லுடையது அல்லாத ஒரு பச்சை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒன்று" என்றார்.
"எது?"
"உங்கள் நான்காவது கேள்வி.
போன வருஷத்துக்கு முந்தின பிப்ரவரியிலிருந்து. ஒன்று."

விலைக்காகச் சொன்ன பொய் என்றுதான் நினைத்திருந்தேன்.
இருக்கலாம்.
விலை தரையில் கசிந்த பிறகுதானே உண்மை வந்தது.
ஆனால் "இரண்டு" என்று சொன்னபோது
அவர் என்னைப் பார்க்கவில்லை,
கொடிக்கம்பியைப் பார்த்தார்.

அடித்து எழுதினேன்.
அடித்த இடத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும், விதி.
ஒடில் கோடே, ஆய்வாளர், என்று நான் கிறுக்கியதற்குக் கீழே
முழுப்பெயரையும் நிதானமாக எழுதினார்,
நடுப்பெயர் உட்பட.

மூடியைத் தள்ளி மண் போட்டதும்
தோட்டக் குழாயை இழுத்து வந்து
என் பூட்ஸ்மேல் பிடித்தார்.
செம்மண் கரைந்து ஓடியது,
ஏற்கெனவே நிரம்பியிருந்த அந்த மூலையைப் பார்த்து.
போதும் என்றேன்.
"அந்தக் காலும்" என்றார்.